புதிய பவளத்தொட்டியில் நத்தையும் பவளமும் செத்தால்

இந்த அத்தியாயத்தை இரண்டடித் தொட்டி ஒன்றை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நீளம் 60 செ.மீ., அகலம் 30, உயரம் 36. கணக்குப்படி 65 லிட்டர் பிடிக்கும்; பாறையும் மணலும் போக உள்ளே நிற்கும் தண்ணீர் சுமார் 50 லிட்டர். புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர் இந்த அளவில்தான் தொடங்குகிறார்கள். பெரிய தொட்டியில் தண்ணீரோடு கலந்து அடங்கிப்போகும் ஒரு சின்னத் தவறு, 50 லிட்டரில் உயிரைக் கொல்லும்.

நத்தை செத்ததும் பட்டர்வொர்த்துக்கோ பினாங்குக்கோ வண்டியெடுத்துப்போய் வேறு நத்தை வாங்கிவந்து போடுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காரணம் தெரியாதவரை, புதிதாக வருவதும் அதே தண்ணீரில்தான் இறங்கப் போகிறது. எது முதலில் செத்தது, எது இன்னும் நன்றாக மேய்கிறது, எந்தப் பவளம் சுருங்கியது, எது விரிந்தே இருக்கிறது என்று ஒரு தாளில் தேதியோடு எழுதுங்கள். இந்த வரிசையைப் பார்த்தே பாதிக் காரணங்களை விலக்கிவிடலாம்.

முதல் ஒரு மணி நேரம்

செத்த நத்தையை உடனே வெளியே எடுங்கள். செத்ததா என்று சந்தேகமாக இருந்தால் ஓட்டின் வாயிலுள்ள மூடியை விரலால் தொட்டுப் பாருங்கள். உயிர் இருந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். மூக்கருகே கொண்டுபோனாலும் தெரியும், செத்த நத்தையின் நாற்றத்தை வேறெதோடும் குழப்பிக்கொள்ள முடியாது. வெறுமனே கவிழ்ந்து கிடப்பது சாவு அல்ல. அஸ்ட்ரியா வகை கவிழ்ந்தால் தானாகத் திரும்பத் தெரியாமல் அப்படியே பட்டினி கிடந்து சாகும். நிமிர்த்தி வைத்தால் பிழைக்கும். நசாரியஸ் மணலுக்குள் புதைந்தே இருக்கும், தீனி வாசனை அடித்தால்தான் வெளியே வரும். அதைக் காணோம் என்று மணலைக் கிளறவேண்டாம்.

ஒரு பெரிய டர்போ நத்தை பாறைக்குப் பின்னால் அழுகினால் அம்மோனியா ஒரே இரவில் ஏறும். அடுத்த நத்தை சாவதும் பவளம் சுருங்குவதும் அதனால்தான் இருக்கும். ஆகவே எடுத்தவுடன் அம்மோனியா, உப்புத்தன்மை, வெப்பம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். அம்மோனியா கொஞ்சமாவது காட்டினால், அதே உப்பும் அதே வெப்பமும் உள்ள புதுத் தண்ணீரால் கால்வாசியை மாற்றி, கரி வடிகட்டி போட்டு, தீனியை நிறுத்துங்கள். கடல்நீரின் பி.எச். 8-க்கு மேல் இருப்பதாலும் நம் ஊர்த் தண்ணீர் சூடாக இருப்பதாலும் அம்மோனியா இங்கே கூடுதல் நஞ்சாகிறது. நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் இதைக் குறைத்து மதிக்கிறார்கள்.

தொட்டி வைத்து எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் பாருங்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பாறையில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். இரண்டாம் வாரத்திலேயே நத்தை போட்டிருந்தால் வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

தண்ணீர் எங்கிருந்து வந்தது?

தென் கெடாவிலுள்ள நம் செர்டாங்கில் கடல் இல்லை. இருப்பது கிரியான் ஆறு. அது கடலில் கலக்கும் நிபோங் திபால் கரையோரம் போய்க் கேனில் கடல்நீர் பிடித்துவரலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தக் கரை முழுக்கச் சேறும் அலையாத்திக் காடும். ஆற்று நீர் கலப்பதால் மழை பெய்த நாளில் உப்பு மிகவும் இறங்கிவிடும், வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் வடியும் மருந்தும் அதில்தான் வந்து சேருகிறது. அந்தத் தண்ணீர் பவளத்துக்கு ஆகாது. பாக்கெட் உப்புக் கலவையும் சுத்தமான தண்ணீருமே நமக்கு வழி.

அந்தச் சுத்தமான தண்ணீரில்தான் முதல் சிக்கல். பைப் தண்ணீரில் குளோரின் இருக்கும்; பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் இருக்கலாம்; பழைய குழாயாக இருந்தால் உலோகமும் வரலாம். தாமான்களில் கடை வரிசை ஓரமாகக் காசு போட்டுப் பிடிக்கும் ஆர்.ஓ. தண்ணீர் இயந்திரங்கள் நிற்கின்றனவே, அவை வசதிதான். ஆனால் வடிகட்டியை எப்போது மாற்றினார்கள் என்பது வெளியே நிற்கும் நமக்குத் தெரியாது. ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் பாருங்கள். பவளத்தொட்டிக்கு 0 வரவேண்டும். 5-ஐத் தாண்டினால் வேறு இயந்திரம் தேடுங்கள், அல்லது வீட்டிலேயே அயனி நீக்கும் பிசின் குழாய் ஒன்றைச் சேர்த்து வடிகட்டுங்கள். தாது சேர்த்தது, காரநீர் என்று எழுதியிருக்கும் குழாயில் பிடிக்கவே கூடாது.

ஏர்கோண்டிலிருந்து சொட்டும் தண்ணீர் இதைவிட ஆபத்தானது. மீட்டரில் கிட்டத்தட்ட 0 காட்டும், இலவசமும் கூட. ஆனால் அது செம்புக் குழாய்மேலும் அலுமினியத் தகட்டின்மேலும் வழிந்து வருகிற தண்ணீர். மீட்டர் மொத்தக் கரைபொருளை மட்டுமே சொல்லும், செம்பு இருக்கிறதா என்று சொல்லாது. நத்தையின் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமப்பதே செம்பு சேர்ந்த ஒரு புரதம்தான். அப்படியிருந்தும் தண்ணீரில் கரைந்த செம்பு மிகச் சிறிய அளவிலேயே நத்தையையும் இறாலையும் கொல்கிறது. மீன் ஒன்றும் ஆகாமல் நீந்திக்கொண்டிருக்கும். மீன் நலம், நத்தையும் இறாலும் சாவு என்று உங்கள் தாளில் வந்தால் முதலில் செம்பைச் சந்தேகப்படுங்கள்.

செம்பு வேறு வழிகளிலும் வரும். யாரோ வைத்திருந்த பழைய தொட்டியை மலிவாக வாங்கினீர்களா? அதில் மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்து செம்பு மருந்து ஊற்றியிருந்தால், பாறையும் மணலும் அதை உறிஞ்சி வைத்திருந்து பல மாதம் கசியவிடும். அந்தப் பாறையைப் பவளத்தொட்டியில் பயன்படுத்தாதீர்கள். நீரோட்டம் தரும் வேவ்மேக்கரின் காந்தத்தையும் கண்ணாடி துடைக்கும் காந்தத்தையும் கழற்றிப் பாருங்கள். மேலுறையில் விரிசல் விட்டு உள்ளே துரு பிடித்திருந்தால் அதுவும் உலோகத்தை விட்டுக்கொண்டுதான் இருக்கும். துருப்பிடித்த கிளிப், விளக்குத் தாங்கியின் ஆணி, எல்லாவற்றையும் ஒரு முறை தடவிப் பாருங்கள். உலோகத்தைப் பிடிக்கும் வடிகட்டிப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. அதைப் போட்டு, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

உப்பு

நத்தைச் சாவுக்குப் புதுத் தொட்டிகளில் மிகச் சாதாரணமான காரணம் உப்பின் ஏற்ற இறக்கம்தான் என்பது என் முடிவு. மீன் தன் உடலின் உப்பைத் தானே சரிசெய்துகொள்ளும். நத்தையால் அது முடியாது. சுற்றியுள்ள நீர் எப்படியோ அதன் உடல்நீரும் அப்படியே ஆகும். திடீரென்று மாறினால் ஒரு நாள் அசையாமல் கிடந்துவிட்டுச் செத்துப்போகும்.

குளிர்விக்க விசிறி ஓடும் இரண்டடித் தொட்டியில் நாளுக்கு ஒன்றரை லிட்டர் ஆவியாவது சாதாரணம். தண்ணீர்தான் போகிறது, உப்பு அப்படியே தங்கும். 50 லிட்டரில் மூன்று நாள் ஊற்றாமல் விட்டால் ஆயிரத்துக்கு 35 இருந்த உப்பு 38-ஐத் தாண்டும். நான்காம் நாள் ஞாபகம் வந்து நாலரை லிட்டரையும் ஒரே வாளியில் கொட்டினால் மறுபடி 35-க்கு விழும். ஏறியதைவிட இந்த வீழ்ச்சிதான் கொல்கிறது. தினமும் காலையில் கண்ணாடியில் போட்ட கோடுவரை சுத்தத் தண்ணீர் (உப்புத் தண்ணீர் அல்ல) ஊற்றுங்கள். தீபாவளிக்கோ தைப்பூசத்துக்கோ இரண்டு மூன்று நாள் ஊரில் இல்லாமல் போகிறவர்கள், மிதவை வைத்துத் தானாக ஊற்றும் கருவியை வாங்கிவிடுவது நல்லது. அழகுக்கு வாங்கும் எந்தப் பவளத்தையும்விட அது முக்கியம்.

அளக்கும் கருவியே பொய் சொல்லலாம். முள் ஆடும் பிளாஸ்டிக் உப்புமானியில் முள்ளில் காற்றுக் குமிழ் ஒட்டினால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். 35 என்று நீங்கள் நினைத்திருப்பது 31 ஆக இருக்கும். ஒளிவிலகல்மானி வாங்குங்கள். அதை வெறும் தண்ணீரில் 0-க்குச் சரிசெய்தால் போதாது, 35 என்று குறித்து விற்கும் அளவுநீரில் சரிபாருங்கள்.

கடையிலிருந்து கொண்டுவரும் பையின் தண்ணீரையும் அளக்கவேண்டும். மீன் அதிகம் விற்கும் சில கடைகளில் உப்பைக் குறைத்தே வைத்திருப்பார்கள். 28-லிருந்து நேராக 35-க்கு மாறிய நத்தை மறுநாள் செத்தால் உங்கள் தொட்டியைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. மெல்லிய காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாக ஒன்றரை, இரண்டு மணி நேரம் பழக்கிவிடுங்கள். கோலாலம்பூரிலிருந்து கூரியரில் இரவெல்லாம் பயணம் செய்து வந்த பைக்கு இந்த முறை கூடாது. பையைத் திறந்ததும் கரியமிலவாயு வெளியேறி, பி.எச். ஏறி, உள்ளே தேங்கியிருக்கும் அம்மோனியா நஞ்சாகிவிடும். அதற்கு, பையின் உப்பு அளவிலேயே ஒரு சிறு வாளித் தண்ணீர் தயாராக வைத்திருந்து உடனே அதில் மாற்றி, பிறகு மெல்ல உப்பை உயர்த்துங்கள்.

வெயிலும் காற்றும் மருந்தும்

லங்காவிக்குத் தெற்கே பாயார் தீவில் கெடாவுக்கே சொந்தமான பவளப்பாறை இருக்கிறது. அங்கே பவளம் வெதுவெதுப்பான நீரில்தான் வாழ்கிறது, அதனால் என் தொட்டியில் 31 டிகிரி இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பவளமும் தன் எல்லைக்கு மிக அருகில்தான் வாழ்கிறது. வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீடித்தாலே பவளம் தன் திசுவுக்குள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். 2010-இல் கடல் சூடாகிப் பவளம் வெளுத்தபோது மலேசியக் கடல் பூங்காக்களில் சில முக்குளிப்பு இடங்களை அரசாங்கம் சில மாதம் மூடவேண்டி வந்தது. கடலில் ஆண்டுக்கு ஒரு பருவத்தில் வருவது, தகரக் கூரைத் தோட்ட வீட்டில் ஒவ்வொரு பிற்பகலும் வருகிறது. காலையில் 27, மூன்று மணிக்கு 32 என்று ஆடினால் பவளம் தாங்காது. சூடேறிய நீரில் உயிர்வளியும் குறைவதால் நத்தைகள் நீர்மட்டத்துக்கு ஏறி வந்து ஒட்டிக்கொள்ளும்.

விசிறி இரண்டு மூன்று டிகிரி குறைக்கும், ஆனால் மழைக்காலத்து ஈரக் காற்றில் அதன் பலன் குறையும். விளக்கைப் பிற்பகலில் எரியவிடாமல் மாலை ஐந்திலிருந்து இரவு வரை வையுங்கள். தொட்டியை மேற்குச் சுவரோரம் வைக்காதீர்கள். இதற்குப் பிறகும் 29-ஐத் தாண்டினால் சில்லர் வாங்கவேண்டும், இல்லையேல் கல்பவளம் வேண்டாம் என்று முடிவெடுக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவே வழி கிடையாது. இடியோடு வரும் மாலை மழையில் மின்சாரம் போவது நமக்குப் புதிதல்ல. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை எப்போதும் தொட்டிக்குக் கீழே வைத்திருங்கள்.

இனி, வெளிநாட்டுப் புத்தகங்கள் சரியாகப் பேசாத ஒன்று. டெங்கி வந்தால் தாமானில் புகை அடிப்பார்கள். செம்பனைத் தோட்டத்தில் காண்டாமிருக வண்டுக்கு சைபர்மெத்ரின் தெளிப்பார்கள். வீட்டுக்குள் கொசுவர்த்தியும் தெளிப்பானும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை ஒரே குடும்பத்து மருந்துகள். மனிதனுக்குக் குறைவான கேடு, இறாலுக்கும் நண்டுக்கும் மிகக் கொடிய நஞ்சு, மீனுக்கும் ஆகாது. நத்தை ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஆகவே இறால் துடித்துச் செத்து, மீன் தடுமாறி, நத்தை பிழைத்திருந்தால் காற்று வழியாக மருந்து வந்தது என்று எண்ணுங்கள். நுரையால் அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரும் காற்றுப் பம்பும் அறைக் காற்றைத்தான் தண்ணீருக்குள் இழுத்து அடிக்கின்றன. புகை அடிக்க வருகிறார்கள் என்று தெரிந்தால் இரண்டையும் நிறுத்தி, வேவ்மேக்கரை மட்டும் ஓடவிட்டு, தொட்டியை பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். வீடு காற்றாடிய பிறகு திறந்து, புதுக் கரி போடுங்கள். கொசு விரட்டி பூசிய கையைத் தொட்டிக்குள் விடவே கூடாது.

பட்டினியும் பழுப்புச் சளியும்

எல்லா அளவும் சரி, ஆனாலும் மூன்றாம் நான்காம் வாரத்தில் நத்தைகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. இது பட்டினி. புதுத் தொட்டியின் கண்ணாடி பளபளவென்று இருந்தால் நத்தைக்கு அங்கே சாப்பாடு இல்லை என்று பொருள். பத்து நத்தை போடச் சொல்லி விற்பார்கள். 50 லிட்டருக்கு ஒரு டர்போவும் இரண்டு மூன்று சின்ன நத்தையும் போதும். பாசி குறைந்தால், உப்பும் மசாலாவும் சேர்க்காத காய்ந்த கடற்பாசித் தாளைச் சிறு கல்லில் ரப்பர் பேண்டால் கட்டி இரவில் வையுங்கள், காலையில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். துறவி நண்டு வைத்திருப்பவர்கள் காலி ஓடுகளையும் போடவேண்டும். இல்லாவிட்டால் ஓட்டுக்காகவே நத்தையைக் கொன்றுவிடும்.

மணலில் பழுப்பாகத் தூசிபோல் படிந்தால் அது டயாட்டம், தானாகப் போய்விடும். பழுப்புச் சளியாக இழைந்து, பகலில் குமிழ் குமிழாகப் பொங்கி, இரவில் குறைந்தால் அது டைனோஃபிளாஜெல்லேட். இதில் சில வகைகள் நஞ்சு சுரப்பவை; அதை மேய்ந்த நத்தை சாகும். சுத்தம் சுத்தம் என்று நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் 0-க்கு இறக்கிய தொட்டிகளில்தான் இது அதிகம் வருகிறது. வந்தால் இன்னும் தேய்த்துக் கழுவுவதால் தீராது. நைட்ரேட்டை 5 பி.பி.எம். அளவிலும் பாஸ்பேட்டை 0.05-க்கு மேலும் ஏற்றி நிலைநிறுத்தி, மற்றப் பாசிகள் வளர விட்டால்தான் இது பின்வாங்கும். பொறுமை வேண்டும், வாரக்கணக்கில் ஆகும்.

பவளம் சொல்வது

பவளம் வெள்ளையாகிவிட்டால் கிட்டப்போய்ப் பாருங்கள். வெள்ளையின்மேல் சதை இருந்து, இரவில் உணர்கொம்பு நீட்டினால் அது உயிரோடுதான் இருக்கிறது. ஒளியைக் குறைத்து, வெப்பத்தை இறக்கி, சின்னத் தீனி கொடுத்தால் மீளும். சதை உரிந்து எலும்புக்கூடு தெரிந்தால் அந்தப் பகுதி செத்துவிட்டது. சுத்தி (ஹேமர்), டார்ச் பவள வகைகளில் பழுப்புக் கூழ் போலச் சதை கரைந்தால் அன்றைக்கே உறிஞ்சி எடுத்து, அந்தக் கிளையை உடைத்துப் பிரியுங்கள். பக்கத்துக் கிளைக்குப் பரவும்.

புதிதாக வாங்கிய எல்.இ.டி. விளக்கை முழு வெளிச்சத்தில் எரியவிடுவதே வெளுப்புக்கு அடிக்கடி காரணம். கால் பங்கில் தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுங்கள். காரத்தன்மை 8 டி.கே.எச்., கால்சியம் 420 பி.பி.எம்., மக்னீசியம் 1300 பி.பி.எம். என்ற அளவை ஒட்டி இருந்தால் போதும். 7.5 ஆக நிலையாக இருக்கும் காரத்தன்மை, 7-க்கும் 10-க்கும் ஆடுவதைவிட எவ்வளவோ மேல். சந்தையில் வண்ண வண்ணப் பாட்டில்கள் நிறைய உண்டு. இரண்டடித் தொட்டியில் ஓரிரு மென்பவளம்தான் என்றால் வாரம் ஐந்தாறு லிட்டர் புது உப்புநீர் மாற்றுவதே அவற்றின் வேலையைச் செய்துவிடும்.

ஒரு எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்லவேண்டும். ஜோவாந்திட் எனும் பொத்தான் பவளங்களில் பல, பாலிடாக்சின் என்ற மிகக் கடும் நஞ்சைத் தாங்கியவை. கொதிக்கவைத்தாலும் அது அழிவதில்லை, ஆவியோடு கலந்து மூச்சில் ஏறும். செத்தது ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று அடுப்பில் வேகவைத்து, குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் பல நாடுகளில் உண்டு. அந்தப் பாறையை வேகவைக்கவும் கூடாது, காயவைத்துத் தேய்க்கவும் கூடாது. கையுறையும் கண்ணாடியும் போடாமல் வெட்டாதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள்.

மறுபடி எப்போது வாங்கலாம்?

பாயார் தீவுக்குச் சுற்றுலா போகும்போது ஒரு துண்டு எடுத்துவந்தால் என்ன என்ற எண்ணம் யாருக்கும் வரக்கூடாது. கடல் பூங்காவில் பவளம் எடுப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். கல்பவளங்கள் எல்லாமே சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. கடையில் வாங்கும்போதும் தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டா என்று கேளுங்கள். அப்படி வளர்ந்தவை நம் விளக்குக்கும் தண்ணீருக்கும் எளிதில் பழகும், கடலிலிருந்து ஒன்றும் குறையாது.

உப்பு, வெப்பம், அம்மோனியா, காரத்தன்மை நான்கையும் இரண்டு வாரம் தினமும் எழுதி வாருங்கள். எண்கள் அசையாமல் நின்றால் ஒரே ஒரு நத்தை வாங்குங்கள். அது மூன்று வாரம் மேய்ந்துகொண்டிருந்தால் காளான் பவளம் ஒன்று, பிறகு தோல் பவளம் ஒன்று. அக்ரோபோரா என்னும் கல்பவளம் ஓராண்டு காத்திருக்கட்டும்.